ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு முன்: பழைய எம்.ஜி.பி. காரின் சஸ்பென்சன்

கேள்வி: கொழும்பில் இருந்த பெரியப்பாவின் 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரித்தானியத் திறந்த காரைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஆனால் வளைவுகளில் கார் மிகவும் சாய்கிறது. 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் வீதியில் அலைகிறது. முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிக் காரைப் பதிக்கும்படியும், பழைய சொக் அப்சோபர்களுக்குப் பதிலாக இக்காலக் குழாய் வகையைப் பூட்டும்படியும் கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம். சொக் அப்சோபரை மாற்றுவது பற்றிப் பிறகு யோசிக்கலாம். நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருப்பவை இரண்டு வேறு முறைப்பாடுகள். சாய்வு இந்தக் காரின் வடிவமைப்போடு ஓரளவு பிறந்தது. அலைச்சல் தேய்மானத்தால் வந்தது. ஸ்பிரிங்கை வெட்டினால் சாய்வு கொஞ்சம் குறையும், அலைச்சல் கூடும்.

உங்கள் பக்கத்து வீதிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏ9 வீதி பெரும்பாலும் நேரானது. அதில் உங்களுக்குத் தேவைப்படுவது, எதிரே வரும் பஸ்ஸின் காற்று அடிக்கும்போது கார் தன் கோட்டில் நிற்பதும், இருட்டில் மாடு குறுக்கே வந்தால் ஒரு முறை விலகி ஆட்டமில்லாமல் திரும்ப வருவதுமே. அந்த வீதியை விட்டு இரணைமடுப் பக்கமோ உள்ளூர்க் குளக்கட்டுப் பக்கமோ திரும்பினால் கிறவல், பள்ளம், மதகு என்று வேறொரு உலகம் தொடங்குகிறது. நிலத்துக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லாத காரை மேலும் பதிப்பது அங்கே எப்படி முடியும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கும், பின்பக்கத்தில் ஒரே அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளும் உள்ளன. நான்கு சொக்குகளும் கைப்பிடி போன்ற நெம்பு வகையைச் சேர்ந்தவை. இவற்றில் முன்பக்கத்துச் சொக்கின் கைதான் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையும் ஆகும். தனியாக வேறு மேல் கை கிடையாது. ஆகவே அந்தச் சொக்கின் தண்டு தன் துளையில் தேய்ந்து ஆடத் தொடங்கினால், குலுக்கல் அடங்காமல் போவதோடு சக்கரத்தின் மேல்முனையும் நினைத்தபடி உள்ளும் புறமும் அசையும். மலிவான குழாய் வகை மாற்றுத் தொகுதிகள் இந்தப் பழைய கையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளிருக்கும் வால்வை மட்டும் வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டு, பக்கத்தில் புதிய குழாயைப் பூட்டுகின்றன. தேய்ந்த கை தேய்ந்த கையாகவே இருக்க, காசு மட்டும் போகும்.

எனவே முதலில் சோதியுங்கள். காரின் ஒரு மூலையை உடல் பாரத்தால் அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரு முறை தணிந்து நின்றால் சொக் நன்று, மேலும் ஆடினால் எண்ணெய் குறைவு அல்லது வால்வு பழுது. சொக்கின் உடலைச் சுற்றிலும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்த பின்னரே மேல் அடைப்பைத் திறக்க வேண்டும். ஒரு சிட்டிகை கிறவல் மண் உள்ளே போனாலும் அது வால்வில் போய் உட்காரும். மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்குப் பாவிக்கும் 20 தர எண்ணெயை ஊற்றி, கையை மேலும் கீழும் அசைத்துக் காற்றை வெளியேற்றி, மீண்டும் நிரப்புங்கள். பிரேக் எண்ணெய் வேண்டாம். போர்க்காலப் பெற்றோல் தடையின்போது மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 காரை ஓட்டிய நாள்களில், கைக்குக் கிடைத்த எண்ணெயை எல்லாம் இந்தச் சொக்குகளுக்குள் ஊற்றி ஓட்டியவர்களில் நானும் ஒருவன். கியர் எண்ணெய் ஊற்றிய ஒரு கார் மாட்டு வண்டியைப் போல் குதித்தது இன்னும் நினைவிருக்கிறது. தண்டின் அடியால் எண்ணெய் வடிந்துகொண்டே இருந்தால் நிரப்பிப் பயனில்லை, புதுப்பித்த சொக் தேவை. லண்டனில் உறவினர் இருந்தால் அங்கே புதுப்பித்தவை கிடைக்கும். இரும்புக் கனம் என்பதால் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டுவரக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது கிங் பின், அதாவது ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரம் சுழன்று திரும்பும் நிமிர்ந்த தண்டு. உங்கள் காரின் அலைச்சலுக்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். முன் சக்கரத்தை ஜக் போட்டு உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங்கில் இடைவெளி. நிற்காவிட்டால் கிங் பின்னோ சற்றுமுன் சொன்ன மேல் கையோ தேய்ந்திருக்கிறது. எதுவென்று அறிய, ஒருவர் அசைக்கும்போது மற்றவர் விரலை மூட்டின் மேல் வைத்துப் பார்த்தால் போதும், கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். கிறீஸ் அடிப்பதையும் சக்கரம் தொங்கும் நிலையிலேயே செய்யுங்கள். காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது அடித்தால், தேய்கின்ற பக்கத்துக்குக் கிறீஸ் போகாமல் வெறும் பக்கத்தால் வழிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் கிறீஸ் அடிக்கும் நிப்பிள்கள் மூன்று உண்டு; அவற்றில் ஒன்று பழைய அழுக்கில் அடைபட்டிருந்து, ஆண்டுக்கணக்காக யாரும் கவனிக்காமல் விட்டிருப்பது இந்தக் கார்களில் வழக்கம். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை என்று கையேட்டை ஒட்டிச் சொன்னாலும், நம்முடைய கோடைப் புழுதிக்கும் மாரி வெள்ளத்துக்கும் அதில் பாதித் தூரமே சரி.

சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கைகளின் உட்பக்க மூட்டுகளில் உறைபோல் இருக்கும் றப்பர் புஷ்கள் இத்தனை ஆண்டுகளில் பிசினாகியிருக்கும். அவற்றுக்குப் பதிலாக, 1973 முதல் 1976 வரை வந்த எட்டுச் சிலிண்டர் எம்.ஜி.பி. ஜி.டி.யின் புஷ்களைப் போடுங்கள். உலோக உறையோடு ஒட்டிய அந்த றப்பர் உங்கள் காருக்கும் அப்படியே பொருந்தும். ஸ்ரியரிங்கில் வித்தியாசம் உடனே தெரியும். பொலியூரித்தேன் புஷ்களைப் பலர் விரும்புகிறார்கள். செம்மண் தூசி புகுந்தால் அவை கீச்சிடும் என்பதால் எனக்கு அவற்றில் அவ்வளவு பிரியமில்லை. புஷ் போட்ட பின் போல்டுகளின் கடைசி இறுக்கத்தைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியபடி இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும்.

ஸ்பிரிங்கை வெட்டுவதால் வரும் கேட்டையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய முனை தன் கிண்ணத்தில் சரியாக அமராது. கார் பதிந்ததும் சக்கரம் மேலே போவதற்கான இடம் குறைவதால், பள்ளத்தில் கை சென்று முட்டு றப்பரில் இடிக்கும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் இல்லாத காரைப் போல அது நடந்துகொள்ளும். வளைவில் இப்படி இடித்தால் ரயரின் பிடி சட்டென்று அற்றுப்போகும்.

பின்பக்கத்தில், சமதரையில் காரை நிறுத்திச் சக்கர மையத்திலிருந்து மேல் வளைவு வரை இருபக்கமும் அளந்து பாருங்கள். கணிசமான வித்தியாசம் இருந்தால், அல்லது பட்டைகள் வளைவிழந்திருந்தால், புதிய ஸ்பிரிங் சோடியே வழி. நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். மறுபடி பதப்படுத்தாத உருக்கு சில வாரங்களில் தணிந்துவிடும்.

ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு அது தயாரிக்கப்பட்ட வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முந்தியது, பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். 14 அங்குலத்தில் வான் ரயர்தான் எளிதில் கிடைக்கும், ஆனால் அது இந்த இலேசான காருக்கு விறைப்பு அதிகம். 175/70 கார் ரயர் போட்டால், 165/80 ரயரோடு ஒப்பிடுகையில் கார் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தானாகவே பதியும். வேகமானி 3 சதவீதமளவு கூட்டிக் காட்டும். பதிக்கும் ஆசைக்கு அது போதும்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் சாய்வு உறுத்தினால், முன்பக்கத்து அன்ரி ரோல் பாரைத் தடிப்பானதாக மாற்றலாம். இது இரு முன் சக்கரங்களையும் இணைத்து, தான் முறுகுவதால் சாய்வைத் தடுக்கும் கம்பி. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும் என்பதால், 5/8 அங்குலத்திலிருந்து 3/4 அங்குலத்துக்குப் போனாலே விறைப்பு இரு மடங்காகிவிடும். அதற்கு மேல் வேண்டாம். பின்பக்கத்துக்கும் ஒன்று போடும்படி யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். மாரியில் நனைந்த வீதியில் காரின் பின்பகுதி உங்களை முந்திக்கொள்ள முயலும்.

வீல் அலைன்மென்ட் பார்க்கும் இடத்துக்குப் போகும்போது, முன் சக்கரங்கள் 1/16 முதல் 3/32 அங்குலம் வரை உள்நோக்கியிருக்க வேண்டும் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். அவர்களின் கணினியில் இந்தக் கார் இருக்காது. சக்கரத்தின் சாய்கோணத்தைத் தொழிற்சாலை அமைப்பில் திருத்த முடியாது. அது பிழையென்று காட்டினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

முதல் ஓட்டத்துக்கு முறிகண்டி வரை போய் வாருங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிற்பீர்கள். அந்த நேரத்தில் நான்கு சக்கர மையங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பக்கத்து பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது. முன் சொக்குகளின் கீழே புதிய எண்ணெய்க் கோடு தெரிகிறதா என்பதையும் குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.