சீனப் புல்லாங்குழல் வாசிப்பவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? அதை நம்பிப் பிழைக்க முடியுமா?

நான் வித்வான் அல்ல. டிஸி என்னும் சீன மூங்கில் குழலை ஆறு வருடமாக ஊதியும் மேல் ஸ்தாயியில் இன்னும் பிசிறு தட்டுகிற ஆசாமி. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பெயர்பெற்ற டிஸி கலைஞர் லூ சுன்லிங்தான் நினைவுக்கு வந்தார்.

1921-இல் ஷாங்காயில் பிறந்தவர். ஏழு வயதில் அவருக்குக் குழல் சொல்லிக்கொடுத்தவர் அக்கம்பக்கத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளி. வளர்ந்த பிறகு சோறு போட்டது குழல் அல்ல, வண்டி ஓட்டும் வேலை. அந்த ஊரில் இது அதிசயமும் அல்ல. தேநீர்க் கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் ‘ஜியாங்னான் சிஜு’ (தந்தி வாத்தியங்களும் மூங்கில் குழல்களும் சேர்ந்த குழு இசை) இசைக்காரர்களில் பலருக்கும் வேறு தொழில் உண்டு; காசு வாங்காமல் வாசிப்பதுதான் கௌரவம். எல்லோருக்கும் மெட்டு ஒன்றே, அதை அலங்கரிப்பது மட்டும் ஆளுக்கொரு விதம். அதை அவர்கள் ‘பூச் சேர்ப்பது’ என்கிறார்கள்.

1950-களில் அரசு இசைக்குழுக்கள் வந்த பிறகு குழலுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. லூவும் அப்படி உள்ளே போனவர். பிறகு ஷாங்காய் இசைக் கல்லூரியில் பேராசிரியர். ஹுனான் பக்கத்து மெட்டான ‘கௌதாரி பறக்கிறது’ அவர் வாசித்த பாணியில் மிகவும் பிரபலம். 2018-இல், 96 வயதில் காலமானார். ஆகவே, பிழைக்கலாம், இசைக்குழுவிலோ கல்லூரியிலோ இடம் கிடைத்தால்.

அன்றாடப் பாடு வேறு. டிஸியில் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே ஒரு துளை. அதன்மேல் நாணல் தண்டின் உட்புறத்திலிருந்து உரித்த சவ்வை ஒட்ட வேண்டும். வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. அந்தக் கணீரென்ற அதிர்வு அதனால்தான். இழுத்து ஒட்டினால் நாதம் செத்துவிடும், தொய்ந்தால் கரகரக்கும். குறுக்கே சீரான சுருக்கங்கள் விழ வேண்டும். ஒட்டுவதற்குக் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பிசின், அல்லது பூண்டுச் சாறு. முதல் முறை நான் புத்திசாலித்தனமாக மரவேலைப் பசையைத் தடவினேன். இறுகிப்போய், பிளேடால் சுரண்டி எடுத்ததில் குழலின் வார்னிஷும் கூடவே வந்துவிட்டது.

இப்போது பூண்டுதான். நேற்று ஒட்டியது இன்று மழை ஈரத்தில் தொய்ந்து கிடக்கிறது. ஒரு பல் உரிக்கப் போகிறேன்.