கேமரன் மலைத் தக்காளிக்குக் கூரையை எப்போது போடுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். மச்சானும் நானும் சேர்ந்து மலேசியாவின் கேமரன் மலையில், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து முட்டைக்கோஸும் தக்காளியும் போடுகிறோம். மழை டிசம்பரில்தான் வலுக்கும் என்பதால் அக்டோபர் தொடக்கத்தில் தக்காளியைத் திறந்தவெளியில் நட்டுவிட்டு, பிளாஸ்டிக் கூரையை நவம்பர் கடைசியில் போடலாம் என்றிருக்கிறோம். ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் அங்கே எப்படி இருக்கும்?

பதில்: வணக்கம். கூரையை நவம்பர் கடைசி வரை தள்ளாதீர்கள். நாற்று மண்ணில் இறங்கும் முன்பே அது மேலே இருக்க வேண்டும்.

நீங்கள் ஈசூன் மழையை வைத்து மலைக்குக் கணக்குப் போடுகிறீர்கள். சிங்கப்பூரில் ஆண்டிலேயே அதிக மழை டிசம்பரில்தான். சராசரி 330 மி.மீட்டரை ஒட்டி வரும். கேமரன் மலையிலோ உச்சம் அக்டோபரும் நவம்பரும். மாதத்துக்குச் சுமார் 300 மி.மீ. பெய்யும் காலம் அது. வடகிழக்குப் பருவக்காற்று தன் வேகத்தைக் கிளந்தான், திரங்கானு கிழக்குக் கரையிலேயே பெரும்பாலும் காட்டிவிடுவதால், ஜனவரி, பிப்ரவரியில் மலையில் மழை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

அக்டோபரில் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட நேரம். காற்று வலுவாக வீசாது. காலை வெயிலில் சரிவு சூடேற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலேறி உச்சிப்பொழுதில் மேகமாகிவிடும். பிற்பகலில் இடியோடு கொட்டும். இந்த மழை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். ‘இயல்பைவிடக் கூடுதல்’, ‘இயல்பை ஒட்டி’ என்று மலேசிய வானிலைத் துறை தரும் நீண்டகால முன்கணிப்பைப் பாருங்கள், ஆனால் ‘குறைவு’ என்று வந்தாலும் கூரையை விட்டுவிடாதீர்கள். இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் ஆண்டில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. சுமத்ரா பக்கமிருந்து ஈரம் தாராளமாக வரும்.

இனி தக்காளி. பகலில் 22, 23 டிகிரி, இரவில் 15, இலையில் மணிக்கணக்கில் ஈரம்: பின்பருவக் கருகல் நோய்க்கு இதைவிட என்ன வேண்டும்? காலையில் கீழ் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் வெந்நீர் பட்டதுபோல் சாம்பல்பச்சைத் திட்டு, அதே இடத்தில் அடிப்புறம் வெண்பூஞ்சை இருந்தால் அதுதான். அந்தச் செடியைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள்; வரப்பில் போடுவது பக்கத்துப் பாத்திக்கும் நோயை அழைத்துக் கொடுப்பதாகும். மேங்கோசெப் போன்ற காப்பு மருந்தை நோய் தெரியும் முன்பே, பனி காய்ந்த காலை நேரத்தில் அடியுங்கள். பிற்பகல் மழைக்குள் அது இலையில் உலர்ந்துவிட வேண்டும். அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். காய்கறி உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி வந்தால், மருந்து எச்சத்தைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு சோதிக்கும்.

முட்டைக்கோஸ் திறந்தவெளியில் தாக்குப்பிடிக்கும், ஆனால் வடிகால் ஆழமாக இருக்க வேண்டும். இலை விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆங்கில ‘V’ போல மஞ்சள் ஆப்பு இறங்கினால் அது கருப்பழுகல் நோய். தெறிக்கும் நீரில் பரவுவது, ஆகவே ஈரத்தில் பாத்திக்குள் நடமாட வேண்டாம். வேர் வீக்கம் முன்பு வந்த மண் என்றால் நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே சுண்ணாம்பு இட்டு மண்ணின் கார அமில நிலையை (pH) 7.2 அளவுக்கு உயர்த்துங்கள். முற்றிய தலைகள் பெருமழைக்குப் பின் வெடிக்கும். அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால், தலையை இரு கையாலும் பிடித்துக் கால் வட்டம் திருப்புங்கள். சில வேர்கள் அறுந்து நீர் ஏறுவது குறையும், ஒரு வாரம் தாங்கும். உரத்தை மொத்தமாகப் போட்டால் ஆற்றுக்குத்தான் போகும், பிரித்துப் போடுங்கள்.

உங்கள் நிலம் ஆற்றங்கரையா என்று எழுதவில்லை. சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கீழேதான் பெர்த்தாம் பள்ளத்தாக்கு. 2013 அக்டோபர் 23 அன்று அணை திறந்தபோது அங்கே வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. பம்பு, மருந்துக் கொட்டகை, தொழிலாளர் தங்கும் இடம் மூன்றையும் மேட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் எந்தப் பாதையில் ஏறுவது என்று மச்சான் இப்போதே அவர்களுக்குக் காட்டிவிடட்டும்.

திறந்தவெளித் தக்காளிதான் வேண்டும் என்றால் நாற்றை டிசம்பர் கடைசியில் நடுங்கள்.