பழைய கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 1972 அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. முதல் கியரில் கிளட்சை விடும்போது முழு வண்டியும் உதறிக்கொண்டு கிளம்புகிறது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று; உதறல் நிற்கவில்லை. கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டு இறக்காதீர்கள். புது பிளேட் போட்டும் உதறினால், பெரும்பாலும் குறை பிளேட்டில் இருக்காது. அதைச் சுற்றியிருக்கும் பாகத்திலோ, பொருத்திய விதத்திலோ இருக்கும்.

முதலில் வெளியே பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்குங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முதல் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்கும் வரை விடட்டும். பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கி விழுந்தால், அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது. எண்ணெயில் ஊறிய ரப்பர் பார்வைக்கு முழுசாகத் தெரியும், தொட்டால் கொழகொழவென்று இருக்கும். முன் மவுண்டிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர் பாக்ஸ் மவுண்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் யுனிவர்சல் ஜாயின்ட், பின் பட்டை ஸ்பிரிங்கின் யு போல்ட், ஷேக்கிள் புஷ் ஆகியவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஒரு பிளக் சரியாக எரியாமல் எஞ்சின் தடுமாறினாலும் கிளட்ச் உதறுவது போலவே தோன்றும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இறக்குங்கள். கிளட்ச் பிளேட்டின் லைனிங் (இருபுறமும் உரசும் பட்டை) பளபளவென்று கறுத்திருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது வீண் வேலை. உள்ளே ஊறிய எண்ணெய் சூடானதும் மேலே வந்துவிடும். பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மாற்றாதீர்கள். ஃப்ளைவீலின் (பிளேட் உரசும் கனத்த சக்கரம்) எஞ்சினைப் பார்த்த பக்கமும் எஞ்சின் பக்கத் தகடும் நனைந்திருந்தால் எஞ்சின் ஆயில். பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடிய கூடு) இன்புட் ஷாஃப்ட்டை, அதாவது கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டைச் சுற்றி நனைந்திருந்தால் கியர் பாக்ஸ் ஆயில்.

இந்த 1489 சி.சி. எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது. மரை போல வெட்டிய பள்ளம்தான் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அதனால் எஞ்சின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்து உள்ளே காற்றழுத்தம் ஏறினாலோ, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றினாலோ கிளட்ச் நனையும். பிரீதரைச் சுத்தம் செய்வது அரை மணி நேர வேலை, பல பட்டறைகளில் அதைச் செய்வதே இல்லை. பின் மெயின் பேரிங் தேய்ந்திருந்தால் மட்டும் எஞ்சினைப் பிரிக்காமல் தீர்வில்லை.

பிளேட் காய்ந்திருந்தால் ஃப்ளைவீலைப் பாருங்கள். நீலப் புள்ளிகளும் முடி போன்ற விரிசலும் சூட்டின் அடையாளம். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து, கிராங்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துச் சுற்றினால் ஓட்டம் (சுழலும்போது முகம் ஆடும் அளவு) 0.003 அங்குலத்துக்குள் (0.08 மி.மீ.) இருக்க வேண்டும். கூடினால் முதலில் ஃப்ளைவீலைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பிசிறோ அழுக்கோ இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்; அதற்குப் பிறகுதான் லேத்தில் கொடுத்துக் கடைவது. கிளட்ச் பிளேட்டின் ஓரத்தில் 0.015 அங்குலம் வரை ஓட்டம் இருக்கலாம்.

புது பிளேட் வளைவதற்குப் பெரிய காரணம் ஒன்று: கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை முழுவதையும் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிடுவது. அடியில் ஜாக்கி தாங்கியே இருக்க வேண்டும், கடைசி போல்ட் இறுகும் வரை. பிளேட் ஹப்பின் நீளமான பக்கம் கியர் பாக்ஸ் பக்கம் வரட்டும். நடுவில் நிறுத்த ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட்டே நல்ல கருவி. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றாக இறுக்குங்கள். பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் மூன்று விரல்களும் (நெம்புகோல்கள்) ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் பிரஷர் பிளேட் சாய்வாக அமரும், உதறலும் திரும்பும். இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனுக்கு (பிளேட் ஹப் நகரும் பற்கள்) கிரீஸ் பூச்சளவு போதும். மிஞ்சியது லைனிங்கில் தெறிக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: மழைக்காலக் காலையில் மட்டும் முதல் சில முறை உதறுகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. கழற்ற வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். ஃப்ளைவீலில் படிந்த ஈரமும் மெல்லிய துருவும்தான் காரணம். நாலைந்து முறை மெதுவாகக் கிளப்பினால் போய்விடும். சூடான பிறகு உதறல் கூடினால்தான் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்பது தவறா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் வண்டியில் பழைய கார்பன் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் பாகம்) இருந்தால் தவறுதான். அதில் உருளும் குண்டுகள் இல்லை; கார்பன் வளையமே உரசித் தேய்கிறது. நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுங்கள். வளையம் முழுக்கத் தேய்ந்தால் இரும்போடு இரும்பு உரசி, பிரஷர் பிளேட்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.