உட்காருங்க அத்தை

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 62 வயது. கும்பகோணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்தவரை காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பஸ் பிடித்துப் போய், ஆறு பீரியட் நின்றுகொண்டே பாடம் எடுத்தாலும் அலுப்பு தெரிந்ததில்லை. இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் தங்கமான பெண், ஒரு வேலையும் தொட விடமாட்டாள். ஆனால் பதினொரு மணிக்கே கண் சொருகுகிறது. மாடிக்குத் துணி எடுக்கப் போனால் கால் கெஞ்சுகிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறேன், ராத்திரி கொட்டக்கொட்ட விழித்திருக்கிறேன். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். டாக்டரிடம் சொன்னால், "வயசாகுதில்லம்மா" என்கிறார். மகன் ஒரு பெரிய டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கி வைத்திருக்கிறான். உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் சமாளிக்கிறேன் என்று யார் சொன்னது? போன வருடம் டைஃபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துக்கிடந்தேன். தேறிய கையோடு ஊர்க் கோயிலில் அன்னதானம். சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசம்வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இலை எடுக்க வந்த பையன்கள் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். "மெதுவா தாத்தா" என்றான் ஒருவன். 64 வயதுக்காரனைத் தாத்தா என்றதில் தப்பில்லை. தூக்கியதுதான் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்திருக்கிறது. அவர்கள் கால்களிலிருந்து மட்டும், கொழுப்பைச் சேர்க்காமல், ஏறத்தாழ ஒரு கிலோ சதை போயிருந்தது. நோய் எதுவும் இல்லை, வெறும் படுக்கைதான். என்னை அந்தப் பந்தியில் உட்கார்த்தி வைத்தது டைஃபாய்டா, மூன்று வாரக் கட்டிலா என்று அப்புறம்தான் யோசித்தேன்.

உங்கள் கடிதத்தில் "வயது" என்ற சொல்லைவிட "ஒரு வேலையும் தொட விடமாட்டாள்" என்ற வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பள்ளிக்கூடம் உங்கள் சக்தியை உறிஞ்சிக்கொண்டிருந்தது, இனி ஓய்வெடுத்தால் அது ஊறும் என்று எல்லோரும் நினைத்துவிட்டீர்கள். ஆறு பீரியட் நின்றதும் பஸ்ஸுக்கு ஓடியதும்தான் உங்கள் தொடையைத் தொடையாக வைத்திருந்தது. 60 வயதில் அரசாங்கம் உங்களை வீட்டுக்கு அனுப்பியபோது அதுவும் சேர்ந்து நின்றுபோனது.

உடம்பு எரிக்கும் சக்தியை அளந்த பெரிய ஆய்வு ஒன்று 2021-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. 29 நாடுகள், 6,400-க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாளான சிசு முதல் 95 வயதுக்காரர்வரை. உடல் அளவுக்கு ஈடுகட்டிப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம்போலக் குறைகிறது. இந்தக் கணக்கில் உங்களுக்கு இரண்டு வருடத்தில் ஒன்றரை சதவீதம்கூட இறங்கியிருக்காது. மாடிப்படியில் கால் கெஞ்ச அது போதாது.

"வயசாகுதில்லம்மா" என்பது நோயின் பெயர் அல்ல. மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுகுகிறதா? அப்படியானால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்து முதலில் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் இதயக் கோளாறு வரும். இல்லையென்றாலும் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றும் பார்த்தாக வேண்டும். உங்கள் மாத்திரை மெட்ஃபார்மின் என்றால், அது வருடக்கணக்கில் பி12-ஐக் குறைக்கக்கூடியது. நீங்கள் சைவம் என்றால் இன்னும் சந்தேகப்பட இடமிருக்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற நம் பழக்கம் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மத்தியானத் தூக்கத்தை அரைமணியில் முடித்துக்கொண்டால் ராத்திரி தானாகச் சரியாகும்.

டப்பாவை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். பத்து வருடச் சர்க்கரைக்காரர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்க்காமல் புரோட்டீன் பவுடரில் கைவைக்கக் கூடாது. அதற்காகப் புரதமே வேண்டாம் என்றும் இல்லை. நாலு இட்லியில் எட்டு கிராம்போலத்தான் தேறும். மதியம் ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். சிறுநீரகம் சரியாக இருந்தால் சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், சாப்பிடுபவர் என்றால் தினம் ஒரு முட்டை. மகன் மனம் நோகும் என்றால் டப்பாவை ஷோகேஸில் வையுங்கள்.

ஆனால் சுண்டல் மட்டும் சதையாகிவிடாது. கால் சுமை தூக்கினால்தான் ஆகும். 1990-ல் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் விலகிக்கொண்டார். எட்டு வாரத்தில் மற்றவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். 90 வயதில்!

உடனே அம்மி, ஆட்டுக்கல், கிணறு என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் வேலை செய்தே நோயில்லாமல் இருந்தார்கள் என்ற வாட்ஸ்அப் கதை எனக்கு ஆகாது. என் அம்மா அம்மியும் குடமுமாக இருந்தவர்தான், 50 வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கடைசியாகச் சாப்பிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, ரத்தமே இல்லாமல் உழைத்த உடம்பு அது. நான் சொல்வது வேறு. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அதற்குமேல் காலுக்கு வேலை கொடுப்பது.

மருமகளிடம் வாசல் கோலத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதி குனிந்து, பாதி உட்கார்ந்து எழுந்து போடுகிற பெரிய கோலம். மூட்டு ஒத்துழைத்தால் போடுங்கள், வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே போதும். "உட்காருங்க அத்தை" என்று அவள் சொல்லும்போதெல்லாம் உட்காருங்கள், உடனே எழுந்திருங்கள், மறுபடி உட்காருங்கள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று இரண்டு நாள் பார்ப்பாள், பழகிவிடும்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். பக்கத்தில் யாராவது நிற்கட்டும். 60 முதல் 64 வயதுவரை பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 14-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. அன்னதானத்துக்கு மறுநாள் என்னால் 8 முறைதான் முடிந்தது. இன்று காலை 13. உங்களுடையதை எழுதுங்கள்.