பதில்: என்ட சொந்தப் பாட்டுக்கே யூடியூப்ல காப்பிரைட் கிளெய்ம்

உங்கட சொந்தப் பாட்டு வீடியோவ உங்கட சனல்ல போட்டதுக்கே கிளெய்ம் வந்திட்டுது, என்ன செய்யிற எண்டு கேட்டிருந்தீங்க. டிஸ்பியூட் (கிளெய்ம் பிழையெண்டு யூடியூப்ல ஆட்சேபம்) அடிக்காதீங்க தம்பி, உங்கட டிஸ்ரிபியூட்டருக்கு (பாட்ட ஸ்பொட்டிஃபை மாதிரி இடங்களுக்கு அனுப்பிற கொம்பனி) சனல் லிங்கைக் குடுத்து, இது என்ட சனல்தான், அலவ்லிஸ்ட்ல (கிளெய்ம் அடிக்காம விடுற சனல்கள்ட பட்டியல்) போடுங்க எண்டு எழுதுங்க, அவங்களே கிளெய்ம எடுத்துவிடுவாங்க.

கல்லடிப் பாலத்தில எடுத்த வீடியோவுல கிளெய்ம் வந்ததுக்குக் காரணம் அனேகமா, ஸ்பொட்டிஃபைக்குப் பாட்ட அனுப்பக்குள்ள கொன்டென்ட் ஐடிக்கும் (பதிஞ்ச பாட்டு வேற வீடியோவுல வந்தா தானாக் கண்டுபிடிக்கிற யூடியூப் சிஸ்டம்) சேத்து டிக் போட்டிருப்பீங்க, மறுகா அந்த சிஸ்டம் உங்கட பாட்டையே பிடிக்குது. இது ஸ்ட்ரைக் (சனலுக்கு விழுற தண்டனை) இல்ல, சனலுக்கு ஒண்டும் ஆகாது, பயப்படாதீங்க.

எழுதமுதல் யூடியூப் ஸ்டூடியோவுல அந்த வீடியோவுக்குப் பக்கத்தில காப்பிரைட் எண்டிருக்கிறத அமத்தி ஆர்ர பேர் நிக்குதெண்டு பாருங்க. டிஸ்ரிபியூட்டர்ட பேரெண்டா மேல சொன்னதே காணும்.

வேற பேரெண்டா பீற்றத்தான் (பாட்டுக்குப் பின்னால போற இசை) பாக்கோணும். லீசுக்கு வாங்கின பீற்றுல இன்னும் எத்தினையோ பேர் பாடியிருப்பாங்க, அதுக்கு கொன்டென்ட் ஐடியே போடக்கூடாது, போட்டா மத்தப் பொடியன்கள்ட பாட்டும் சேந்து மாட்டும். உங்கட பீற்றும் அப்பிடியெண்டா கொன்டென்ட் ஐடிய உடன நிப்பாட்டச் சொல்லி டிஸ்ரிபியூட்டருக்குச் சொல்லுங்க.