பட்சணத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்தது?

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். இப்போது அம்மா, மனைவி, பதினொன்றும் எட்டும் வயதான இரு பிள்ளைகளோடு சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சிறுவயதில் தீபாவளிக்கு முதல் நாள் இரவு எனக்குத் தூக்கமே வராது. அந்தக் குதூகலம் இன்று எனக்கும் இல்லை, என் பிள்ளைகளுக்கும் இல்லை. துணிமணி, பட்டாசு, நல்ல கடையில் வாங்கிய இனிப்பு என்று எதிலும் குறை வைப்பதில்லை. அக்கம்பக்கத்துக்கும் இனிப்புப் பெட்டிகளில் வீட்டு எண்ணை எழுதிக் காவலாளியிடம் கொடுத்தனுப்பி விடுகிறோம். இருந்தும் பத்து மணிக்கெல்லாம் ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். அந்தப் பழைய தீபாவளியை என் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

பதில்: ஐப்பசி பிறந்தால் இப்படியொரு கடிதம் வராத ஆண்டில்லை. 2018 முதல் பட்டாசுக்குக் காலையில் 6 முதல் 7 வரை, மாலையில் 7 முதல் 8 வரை என்று நேரம் குறித்துவிட்டார்கள், அதனால்தான் பண்டிகையின் களை போயிற்று என்று எழுதுவோரும் உண்டு. நீங்கள் அரசாங்கத்தை இழுக்கவில்லை, அந்தமட்டில் நல்லது. ஆனால், குறை வைப்பதில்லை என்று சொன்ன கையோடு, அக்கம்பக்கத்துக்குக் காவலாளியிடம் கொடுத்தனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வீட்டுத் தீபாவளி எங்கே போனது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

உங்கள் கிராமத்தில் பட்சணத் தட்டை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்? நீங்கள்தானே? விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியத்தை முகம் சுளித்து விழுங்கி, மஞ்சள் தடவிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, துணியால் மூடிய எவர்சில்வர் தட்டோடு எதிர்வீட்டுக்கும் கோடி வீட்டுக்கும் ஓடியிருப்பீர்கள். அங்கே, ஒரு பெரிய மனிதரிடம் விசாரிப்பதைப்போல, “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று உங்களிடம் கேட்டிருப்பார்கள். தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். அவர்கள் வீட்டு முறுக்கோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ வைத்துத்தான் கொடுப்பார்கள். யார் வீட்டு அதிரசம் பல்லைப் பதம் பார்க்கும் என்பது தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். மறுநாள் உங்கள் சட்டையைப் பார்க்க ஒரு தெருவே இருந்தது, செய்து முடிக்க உங்களுக்கென்று ஒரு வேலையும் இருந்தது. தூக்கம் எப்படி வரும்? உங்கள் பிள்ளைகளுக்குப் புதுத்துணி வாங்கித் தருகிறீர்கள், சரி. அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

அந்தக் காவலாளிக்கும் அன்றைக்குத் தீபாவளிதான் ஐயா. பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு உங்கள் கேட்டருகே நிற்கும் மனிதரை மாடி மாடியாக ஏறி இறங்க வைத்திருக்கிறீர்கள். அவருக்கென்று ஒரு பெட்டி கொடுத்தீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தம்மிடம் வேலை செய்பவர் வாயில் இனிப்பு விழாமல் ஒரு குடும்பம் பண்டிகை கொண்டாடலாகாது என்பது என் கட்சி. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இந்த ஆண்டு கடைப் பெட்டியே வேண்டாம், ஒரு பட்சணமாவது வீட்டில் செய்யுங்கள். அம்மா கூடவே இருக்கிறார், பிறகென்ன? அவரை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துப் பக்குவம் சொல்லச் சொல்லுங்கள். அதிரசமென்றால், பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் மாவாக்கி, வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் உருண்டு வரும் பதத்தில் மாவைக் கொட்டிக் கிளறி வைப்பது வரை அவர் கண் பார்வையிலேயே நடக்கட்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பிள்ளைகள் வாழையிலையில் தட்டித் தரட்டும். எண்ணெய்ச் சட்டியருகே நிற்க வேண்டியது நீங்கள், உங்கள் மனைவியல்ல. (குதூகலம் போய்விட்டதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா?) பாகு பிசகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும்; போகட்டும், ரிப்பன் பக்கோடா பிழிந்துகொள்ளுங்கள்.

பிறகு பிள்ளைகளின் கையில் தட்டைக் கொடுத்து அனுப்புங்கள். அழைப்புமணியை அழுத்தக் கூச்சப்படுவார்கள். முதல் இரண்டு வீடுகளுக்கு நீங்களும் கூடப் போய் நில்லுங்கள், அந்த வீட்டுக்காரர் பெயர் உங்களுக்கே அன்றுதான் தெரிய வரும். எதிர்வீட்டில் இருப்பவர்கள் சமணர்களென்றால், தீபாவளி அவர்களுக்கு மகாவீரர் முக்தியடைந்த நாள் என்பதைப் பிள்ளைகள் அந்த வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முஸ்லிம் வீடென்றால் ரம்ஜானுக்குத் தட்டு திரும்பி வரும்.

முதல் தட்டு காவலாளிக்குப் போகவேண்டும். அவருக்குப் பகல் பணியா இரவுப் பணியா என்று இன்றே விசாரித்து வையுங்கள். இரவுப் பணியென்றால் காலையில் ஆள் மாறுமுன் உங்கள் பிள்ளைகள் குளித்து முடித்துக் கீழே இறங்கியிருக்க வேண்டும், ஆகவே நான்கு மணிக்கே எழுப்பிவிடுங்கள்.