ஹூக்காவும் நிலாமாடமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 18-ம் நூற்றாண்டுச் சிற்றோவியங்களில் எந்த ராஜாவைப் பார்த்தாலும் ஹூக்கா பிடிக்கிறார், பாட்டுக் கேட்கிறார், இல்லாவிட்டால் மாடத்தில் சாய்ந்து நிலா பார்க்கிறார். இவர்கள் ஆட்சி செய்ததுதான் எப்போது?

பதில்: வரிக் கணக்கு பார்க்கிற ராஜாவை வரையச் சொல்லி எந்த ராஜா காசு கொடுப்பார்? முகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில் கோட்டை முற்றுகை, யானைச் சண்டை என்று படங்களில் ஒரே அமளியாக இருக்கும். அதே வம்சத்து முகம்மது ஷா காலத்துக்கு (1719–1748) வந்தால் தோட்டம், பல்லக்கு, ஹோலி. அவருக்கு 'ரங்கீலா' (உல்லாசப் பிரியர்) என்றே பட்டப்பெயர். 1739-ல் பாரசீக மன்னர் நாதிர் ஷா டில்லியைச் சூறையாடி மயிலாசனத்தையும் தூக்கிக்கொண்டு போனதால், "ஆடிப்பாடியே நாட்டைக் கோட்டை விட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவத், வங்காளம், ஹைதராபாத் எல்லாம் அதற்கு முன்பே டில்லியின் பிடியிலிருந்து நழுவ ஆரம்பித்துவிட்டன. ஹூக்கா குழலோடு சாய்ந்திருக்கும்போதும் அவர் தலைக்குப் பின்னால் பொன் ஒளிவட்டம் வரைந்திருப்பார்கள், கவனியுங்கள். கையில் அதிகாரம் குறையக் குறைய, படத்தில் நிம்மதி கூடுகிறது. ஓய்வைக் காட்டுவதும் ஒரு ராஜ தோரணைதான்.

ஆனால் நிஜமான ஓய்வைப் பார்க்க வேண்டுமென்றால் ஜம்மு பக்கத்து மலைநாட்டுக்குப் போக வேண்டும். ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங் பெரிய மன்னர் ஒன்றும் இல்லை, ஆனால் குலேரிலிருந்து வந்த நைன்சுக் என்ற ஓவியர் அவருக்குக் கிடைத்தார். நாவிதர் தாடி திருத்துவது, முகாமில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது என்று எதையும் விடாமல் வரைந்து தள்ளியிருக்கிறார். ஒரு படத்தில் பல்வந்த் சிங் கிருஷ்ணர் ஓவியம் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நைன்சுக்கே அவருக்குப் பின்னால் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஒரே ஒரு படம்தான் தருவார்கள் என்றால் இதைத்தான் கேட்பேன். ஜூரிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தர மாட்டார்கள்.

கேள்வி: அந்தப்புரப் பெண்கள் சொக்கட்டான் ஆடுவதையும் ஊஞ்சல் ஆடுவதையும் ஓவியர் நேரில் பார்த்தா வரைந்தார்?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆண் ஓவியரை அங்கே யார் விடுவார்கள்? அதனால்தான் பத்துப் பெண்கள் இருந்தாலும் முகம் ஒன்றுதான். பட்டறையில் மெல்லிய மான்தோலில் உருவத்தின் கோடுகளைப் படியெடுத்து, அவற்றின் மேல் ஊசியால் துளைகள் குத்தி வைத்திருப்பார்கள். அதைப் புதுத் தாள் மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் கீழே புள்ளி புள்ளியாக அச்சு விழும். திருப்பிப் போட்டுத் தட்டினால் அதே பெண் எதிர்ப்பக்கம் பார்ப்பாள், அவ்வளவுதான். உடையின் பூவேலையும் கம்பள விளிம்பும் மட்டும் படத்துக்குப் படம் மாறும். அப்புறம் தாளைக் கவிழ்த்து, பின்பக்கத்தை வழவழப்பான அகேட் கல்லால் தேய்ப்பார்கள். வண்ணங்கள் பளிச்சென்று தாளோடு படிந்துவிடும்.

கேள்வி: ராஜஸ்தானின் கிஷன்கர் ஓவியத்தில் வரும் அந்த நீளக் கண் பெண், 'பனி தனி', உண்மையில் இருந்தவரா?

பதில்: கிஷன்கர் அரண்மனையில் பாடகியாக இருந்த பெண் என்றும், அந்நாட்டு அரசர் சாவந்த் சிங்கின் காதலி என்றும் சொல்வார்கள். படத்தில் இருப்பது அவரேதானா, ராதையா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. அரண்மனை ஓவியர் நிகால் சந்த் வரைந்ததாகச் சொல்லப்படும் அந்த முகம் 1973-ல் தபால்தலையிலும் வந்தது. ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதை அல்ல, டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் படகு ஓவியத்தை. பெரிய ஏரி, நடுவில் நீளமான சிவப்புப் படகு, அதில் ராதையும் கிருஷ்ணரும் விரல் நுனி அளவுதான். சாவந்த் சிங் நாகரிதாஸ் என்ற பெயரில் பக்திக் கவிதை எழுதியவர், கடைசியில் அரசை விட்டுவிட்டுப் பிருந்தாவனத்துக்கே போய்விட்டார். அரசாட்சிப் போட்டியில் தம்பியோடு பட்ட பாடும் அதற்கு ஒரு காரணம், படத்தில் மட்டும் அதைத் தேடாதீர்கள்.